மேலே மீன், கீழே மெஷின்



எங்கள் வீட்டு மீன் தொட்டியைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். வாப்பாவைச் சுகம் விசாரிக்க வருகிற ஆக்கள் முதலில் வாப்பாவைப் பார்க்கிறார்கள், பிறகு தொட்டியைப் பார்க்கிறார்கள், பிறகு தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். "மெஷின் எங்க சேர்? ஓடுதா?" ஓடுகிறது. ஆனால் ஹோலில் இல்லை. வீட்டுக்குக் கீழே, மிளகும் கராம்பும் போட்டு வைக்கிற அறையில் ஓடுகிறது. இதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர், தாங்களும் வருகிற லீவில் கொங்கிறீட்டைத் துளைத்துக் குழாயை இறக்கப் போவதாகச் சொன்னார்கள். துளைக்கிறதுக்கு முதல் வாசிக்க வேண்டிய விஷயங்கள் சில இருப்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். நேரம் இருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள்.

எங்கள் ஊர் வீடுகளை அக்குறணைப் பக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாதையிலிருந்து பார்த்தால் ஒரு தட்டு வீடு. பின்னால் இறங்கி நின்று பார்த்தால் இரண்டு தட்டு. சரிவில் கட்டுவதால் வாசல் மேலேயும் களஞ்சியம் கீழேயுமாக அமைந்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் "பேஸ்மன்ட்" என்று காட்டுகிறார்களே, மண்ணுக்குள் புதைந்த அறை, அது எங்களிடம் இல்லை. அந்த வேலையை இந்தக் கீழறை செய்கிறது. ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் ஜன்னல். மழைக்காலத்தில் மலைப்பக்கச் சுவர் வியர்க்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கரண்ட் விஷயம் வரும்போது தேவைப்படும்.

தொட்டி வாப்பாவுடையது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய வருடம் வாங்கினார். முதலில் கோல்ட் ஃபிஷ், பிறகு கப்பி, கடைசியில் ஏஞ்சல் மீன்களில் வந்து நின்றார். ஏஞ்சல் அவருடைய குணத்துக்குப் பொருத்தம். ஓடித் திரியாது, ஒரு இடத்தில் நின்று யோசிக்கும். 2022இல் கரண்ட் வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போன அந்த மார்ச் கடைசியில், வாப்பா இருட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு ஜக்கால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளித் திரும்ப ஊற்றுவார். தண்ணீருக்குள் காற்றுக் கலக்க வேண்டுமாம். கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே லைனில் நிற்கும்போது இவர் மீனுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு இருந்தார். ஊரில் சிரித்தார்கள். ஒரு மீன் கூடச் சாகவில்லை.

2024 ஜூலையில் வாப்பாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பிறகு அவருடைய பழைய அறைக்குள் ஆஸ்பத்திரிக் கட்டில் நுழையவில்லை. ஆகவே ஹோலில் போட்டோம். ஜன்னல் வெளிச்சம், வருகிற போகிற ஆக்களின் முகம், குளியலறை பக்கத்தில், எல்லாம் சரி. கட்டிலின் காலடியில் தொட்டி.

பகலில் அது பெரிய ஆறுதல். விழித்திருக்கும் நேரமெல்லாம் கண் அந்த மீன்களோடு போகும். இரவில்தான் பிரச்சினை. தொட்டியில் தொங்கிய பில்டர் ஒரு பக்கம், காற்றுப் பம்ப் ஒரு பக்கம். சாதாரண நாளில் அந்தச் சத்தம் எங்கள் யாருக்கும் கேட்பதே இல்லை, பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆனால் அசைய முடியாமல் படுத்திருப்பவருக்கு இரவு இரண்டு மணிக்கு அந்த "கர்ர்ர்" எப்படிக் கேட்கும் என்பது வேறு கணக்கு. இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். நாங்கள் எழும்பிப் போனால் தொட்டியைக் காட்டுவார். அணைத்தால் கண்ணை மூடுவார். ஆனால் நாலைந்து மணித்தியாலத்தில், ஸுபஹுக்கு எழும்பும் நேரத்தில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூட ஆரம்பித்துவிடும். விடிந்ததும் வாப்பா அதைப் பார்த்துவிட்டு மறுபடி கம்பியைத் தட்டுவார், போடச் சொல்லி. ஒரு மாதம் இப்படித்தான் போனது. வாப்பா தூங்கினால் மீனுக்கு மூச்சில்லை, மீன் மூச்சு விட்டால் வாப்பாவுக்குத் தூக்கமில்லை.

குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான். தொட்டியைக் கொடுத்துவிடுங்கள். தாத்தா சொன்னா, சாச்சா சொன்னார், பள்ளியில் சந்தித்தவர்கள் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு மனிதர் படுக்கையில் விழுந்த மூன்றாம் மாதமே அவருடைய சாமான்களைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளை வித்திடுங்க, அலுமாரியைக் கீழே இறக்குங்க, மீனைக் கொடுத்திடுங்க. அவர் அங்கேயே படுத்திருக்கிறார், எல்லாம் கேட்கிறது, பதில் சொல்ல நாக்குத்தான் இல்லை. தெரிந்த ஒருவர் தொட்டியை எடுத்துப்போக வந்து நாடாவால் அளந்தபோது வாப்பா எங்களைப் பார்த்த பார்வையில் பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. வந்தவரும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தம்பிதான் சொன்னான், "மீனா சத்தம் போடுது? மெஷின்தானே. மெஷினை எடுப்போம்."

இனி வேலை விஷயம்.

தத்துவம் லேசானது. மேல் தொட்டியின் தண்ணீர் ஒரு குழாயால் தானாகவே கீழே இறங்கும். கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி, அதற்கு "சம்ப்" என்று பெயர். அங்கே ஸ்பொஞ்ச், வடிகட்டிப் பஞ்சு, பீங்கான் வளையம் எல்லாவற்றுக்குள்ளாலும் தண்ணீர் நடந்து வந்து, கடைசி அறையில் இருக்கும் பம்ப்பால் மறுபடி மேலே போகும். ஹோலில் மீனும் தண்ணீரும் மட்டும். வடிகட்டுவது, சூடேற்றுவது, சத்தம் போடுவது எல்லாம் கீழே.

முதல் விஷயம் உயரம். பம்ப் பெட்டியில் பெரிய எழுத்தில் மணித்தியாலத்துக்கு 2000 லீற்றர், 3000 லீற்றர் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் "எச்-மெக்ஸ்" என்று ஒரு மீற்றர் கணக்கு இருக்கும். அந்த உயரத்துக்கு மேல் அந்தப் பம்ப் ஒரு சொட்டும் தள்ளாது. அந்த உயரத்திலேயே அது தள்ளுவது பூச்சியம்தான். தொட்டிக்குள்ளே சுற்ற வைக்கிற பம்ப்களில் பலவற்றுக்கு அது இரண்டு மீற்றர் அளவில்தான் இருக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது கீழ்த் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் விளிம்பு வரை. தளத்திலிருந்து தளத்துக்கு ஒன்பதரை அடி, அதற்கு மேல் ஸ்டாண்டும் தொட்டியும். சம்பை நிலத்தில் வைக்காமல் கொங்கிறீட் கல் அடுக்கி இரண்டடி உயர்த்தியதால் வித்தியாசம் பத்தடிக்கு வந்தது, அதாவது ஏறக்குறைய 3 மீற்றர். கல் அடுக்கியது அழகுக்கல்ல. ஒவ்வொரு அடி உயரமும் மாதா மாதம் லைட் பில்லில் வரும்.

இதில் ஒரு கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். பெட்டியில் 4 மீற்றர் என்று போட்டிருந்த ஒரு பம்ப்பைத் தந்தார்கள். தம்பி வாளியில் அதைப் போட்டு, ஹோஸ் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுப் படியில் ஒவ்வொரு படியாக ஏறினான். ஏற ஏறத் தண்ணீர் மெலிந்தது. இரண்டரை மீற்றர் வரும்போது நின்றே விட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் "நனைஞ்ச சாமான் எடுக்கிறல்ல" என்றார்கள். தண்ணீருக்குள் போடுகிற பம்ப்பை நனைக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டோம், பதில் இல்லை. அந்தப் பம்ப் இப்போது பாடசாலை விஞ்ஞான அறையில் இருக்கிறது. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமுக்கம் படிப்பிக்கும்போது படிக்கட்டுக்குக் கொண்டுபோய் அதே சோதனையைச் செய்து காட்டுகிறோம். பாடப்புத்தகத்துப் படத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

பிறகு வாங்கியது எச்-மெக்ஸ் 5 மீற்றர், 3500 லீற்றர், 70 வாட். மேலே வந்து விழுகிற இடத்தில் பத்து லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தோம். 36 செக்கன். அதாவது மணித்தியாலத்துக்கு 1000 லீற்றர். பெட்டியில் போட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, உயரமும் குழாயின் வளைவுகளும் எடுத்துக்கொண்டது அவ்வளவு. எங்கள் தொட்டித் தண்ணீர் சுமார் 225 லீற்றர், ஆகவே மணிக்கு நாலு தடவைக்கு மேல் முழுதாகச் சுற்றுகிறது. ஏஞ்சல் மீனுக்கு இதற்குமேல் வேகம் பிடிக்காது, போதும்.

சாதாரண தரப் பிள்ளைகள் யாராவது வாசித்தால் ஒரு கணக்கு: 1000 கிலோ தண்ணீரை 3 மீற்றர் உயர்த்த எவ்வளவு சக்தி? ஏறக்குறைய 29,400 ஜூல். 70 வாட் பம்ப் ஒரு மணித்தியாலத்தில் எடுப்பது 252,000 ஜூல். மிச்சம் எங்கே போனது? பெரும்பகுதி வெப்பமாகத் தண்ணீருக்குள்ளேயே. மார்கழி, தை இரவுகளில் எங்கள் பக்கம் அது வீண் அல்ல, ஹீட்டருக்கு வேலை குறைகிறது. ஆனாலும் மாதத்துக்கு 50 யூனிட். பழைய இரண்டு மெஷினும் சேர்ந்து 15 யூனிட்டுக்குள்தான் எடுத்தன. இதை மறைத்து எழுதுவது சரியில்லை. பில் படிமுறையில் ஏறுகிற வீடுகளில் 35 யூனிட் கூடுவது சின்ன விஷயம் இல்லை. சத்தம் ஒரு பிரச்சினையே இல்லாத வீட்டில் இந்த வேலையைச் செய்யத் தேவையில்லை என்பதுதான் எங்கள் அபிப்பிராயம்.

இரண்டாவது விஷயம், கரண்ட் போனால் என்ன நடக்கும். இதைத்தான் எல்லோரும் கடைசியாக யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது இது. பம்ப் நின்றவுடன் மேல் தொட்டியில் வெளியேறும் வாய்க்கு மேலே இருக்கும் தண்ணீர் முழுக்கக் கீழே வரும். குழாய்க்குள் நிற்பதும் வரும். எங்கள் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் 14 லீற்றர். வாய்க்கு மேலே நிற்பது ஒரு அங்குலம், குழாயில் ஒரு 3 லீற்றர், மொத்தம் 17. எங்கள் சம்ப் 106 லீற்றர் பிடிக்கும், ஓடும்போது அதில் 60 தான் இருக்கும். ஆகவே 46 லீற்றர் இடம் காலியாக இருக்கிறது, 17 தாராளமாக அடங்கும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. தண்ணீர் திரும்ப மேலே வருகிற குழாயின் வாயைத் தொட்டிக்குள் ஆறு அங்குல ஆழத்துக்கு விட்டீர்கள் என்று வையுங்கள். பார்க்க நன்றாக இருக்கும், சத்தமும் வராது. கரண்ட் போனதும் அதே குழாய் சைபனாக மாறித் தண்ணீரைப் பின்னோக்கி இழுக்கும், வாய் வெளியே தெரியும் வரை நிற்காது. ஆறு அங்குலம் என்றால் 85 லீற்றர். கீழே இடம் 46. மிச்சம் உங்கள் மிளகு மூட்டைக்குப் போகும். இதற்கு வால்வு விற்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது. அதை நம்பவே வேண்டாம். ஒரு நத்தை ஓடு சிக்கினால் போதும், மூடாது. வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள், குழாயில் மட்டத்தோடு ஒட்டி ஒரு சின்னத் துளை போடுங்கள். மட்டம் இறங்கியவுடன் துளையால் காற்றுப் போய்ச் சைபன் முறியும். மாதம் ஒருமுறை அந்தத் துளையை ஒரு பல்குத்தும் குச்சியால் குத்திவிடுவது எங்கள் வீட்டில் மூத்த மகளுடைய வேலை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இறங்குகிற குழாய் இலையாலோ செத்த மீனாலோ அடைத்துக்கொண்டால், பம்ப் தெரியாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் தொட்டி வழிந்து வாப்பாவின் கட்டிலுக்கடியில் தண்ணீர் போகும். இதற்குக் கணக்குத்தான் மருந்து. சம்பில் பம்ப் இருக்கும் அறையைச் சின்னதாகத் தடுத்தோம், அதில் 15 லீற்றர்தான் நிற்கும். மேல் தொட்டியில் விளிம்பு வரை இரண்டு அங்குலம் காலி, 28 லீற்றர் இடம். முழுதையும் தள்ளினாலும் வழியாது. பம்ப் காய்ந்து ஓடும், பம்ப் போனால் போகட்டும். அதோடு இறங்குகிற குழாயும் ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது கொஞ்சம் உயரத்தில், சாதாரணமாகத் தண்ணீரே போகாமல், ஆபத்துக்கு மட்டும்.

அந்த இரண்டு குழாய் சத்தத்துக்கும் தேவை. தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பத்தடி இறங்கினால் கக்கூஸ் ஃபிளஷ் பண்ணுகிற மாதிரி நாள் முழுக்கக் கேட்கும். முதல் நாள் அப்படித்தான் கேட்டது, உம்மா "முந்தின சத்தமே பரவாயில்லையே" என்றா. தீர்வு, முதல் குழாயின் கீழ் முனையில் ஒரு கேட் வால்வு. அதை மெதுவாக மூடிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் குழாய் முழுக்கத் தண்ணீரே நிறைந்து காற்றுக்கு இடமில்லாமல் போகும். அந்த இடத்தில் சத்தம் திடீரென்று நிற்கும், ஃபேனை நிறுத்தினால் மாதிரி. தம்பி கீழே வால்வைத் திருப்ப, நாங்கள் மேலே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். இன்னொன்று: குழாயின் கீழ் வாய் சம்ப் தண்ணீருக்குள் ஒரு அங்குலத்துக்கு மேல் மூழ்கக்கூடாது. ஆழமாக மூழ்கினால் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற முடியாமல், கரண்ட் வந்து பம்ப் தொடங்கும்போது தகராறு பண்ணும்.

துளை விஷயம். கொங்கிறீட் தளத்தைத் துளைக்காதீர்கள். கம்பி எங்கே ஓடுகிறது என்று வீடு கட்டிய பாஸுக்கே ஞாபகம் இருக்காது. எங்கள் குழாய்கள் தொட்டிக்குப் பின்னால் செங்கல் சுவரால் வெளியேறி, படிக்கட்டு இடைவெளியால் இறங்கிக் கீழறைக்குள் போகின்றன. கொஞ்சம் சுற்று, ஆனால் வீடு வீடாகவே இருக்கிறது. கண்ணாடியைத் துளைக்க, தொட்டியைக் காலி பண்ணி, கண்ணாடி வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டோம். வைர முனை, மேலால் தண்ணீர் சொட்டிக்கொண்டே, அவசரமில்லாமல். ஒரு துளைக்குப் பத்து நிமிடம். அந்த இருபது நிமிடமும் உம்மா ஸலவாத்து ஓதிக்கொண்டு இருந்தா. சாதாரணக் கண்ணாடி என்றால்தான் இது. டெம்பர் பண்ணிய கண்ணாடியில் முனை பட்டால் முழுத் தொட்டியும் பயறு மாதிரிக் கொட்டிவிடும், ஆகவே முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய பில்டரின் ஸ்பொஞ்சைக் கழுவித் துடைத்துப் புதுசாக்க நினைக்க வேண்டாம். அந்த அழுக்குப் பழுப்புத்தான் வேலைக்காரன். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, கடைசியது அவ்வளவு இல்லை, கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றினால் போதும். பழைய ஸ்பொஞ்சை அப்படியே தொட்டித் தண்ணீரில் அலசி சம்பில் முதல் தட்டில் வைத்தோம். புது இடத்தில் ஒரு மீன் கூட வாடவில்லை.

கரண்ட். ஈரச் சுவர், நூறு லீற்றர் தண்ணீர், 230 வோல்ட், மூன்றும் ஒரே அறையில். இதில் விளையாட்டில்லை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இதைத் தொடங்கவே கூடாது. இருந்தாலும் அதன் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள், விழுகிறதா என்று. பல வீடுகளில் அது பல வருடமாக அலங்காரத்துக்கு இருக்கிறது. பிளக் பொயின்ட்டை மலைச் சுவரில் அல்லாமல் மறுபக்கச் சுவரில், சம்புக்கு மேலே உயரத்தில் போட்டோம். வயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும், வயர் வழியே ஓடி வருகிற துளி அந்த வளைவில் சொட்டிவிடும். கையை உள்ளே விடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுவது என்பது எங்கள் வீட்டில் சட்டம். டவுனில், பிங்கா ஓயா பெருகினால் தண்ணீர் ஏறுகிற இடங்களில் கீழ்த்தட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

அடுத்தது கொசு. வீட்டுக்குக் கீழே இருட்டறையில் திறந்த தண்ணீர்த் தொட்டி என்றால் பீ.எச்.ஐ. மகாத்மயாவுக்கு என்ன தோன்றும்? டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர் டோர்ச்சை அடித்து நேராக அங்கேதான் போனார். தண்ணீர் நிற்பதில்லை, ஓடுகிறது என்று காட்டினோம். மேலே கண்ணாடி மூடி, ஓரங்களில் வலை. அதையும் மீறி ஏதாவது விழுந்தால் தின்ன, நடு அறையில் ஐந்தாறு கப்பிகள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் வீட்டுத் தொட்டிக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டுக் குழாயின் அளவைக் குறித்துக்கொண்டு போனார். மூடி இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். திறந்து வைத்தால் ஆவி அறையை நனைக்கும், கராம்பு பூஞ்சணம் பிடித்துவிடும். எங்களுக்கு அந்தக் கராம்பில்தான் வருடத்தின் பாதிச் செலவு ஓடுகிறது.

எல்லாம் முடிந்தது டிசம்பர் லீவில். மொத்தச் செலவு, அந்த முதல் பம்ப்பையும் சேர்த்து, 41,000 ரூபா. முதல் இரவு ஹோலில் சுவர்க் கடிகாரம் கேட்டது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பது எங்களுக்குத் தெரிந்தது. வாப்பா தூங்குவார் என்று பார்த்தால் தூங்கவில்லை. கம்பியைத் தட்டினார். தொட்டியைக் காட்டினார், காதைக் காட்டினார், கையை விரித்தார். சத்தம் இல்லையே, மெஷின் நின்றுவிட்டதா, மீன் செத்துவிடுமே என்பதுதான் கேள்வி. வாயால் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை. அவரைப் படியிறக்கிக் காட்டவும் முடியாது. மகள் ஒரு ஃபோனோடு கீழே ஓடினாள், இன்னொரு ஃபோனை நாங்கள் வாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தோம். வீடியோவில் சம்ப், ஸ்பொஞ்ச், பம்ப், நடுவில் கப்பிகள், பின்னால் அவருடைய மிளகு மூட்டைகள். ஐந்து மாதமாக அவர் அந்த அறையைப் பார்க்கவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி விரலால் எண்ணினார். பிறகு தூங்கினார், ஸுபஹ் பாங்கு வரை.

அதற்குப் பிறகு தொட்டியில் தண்ணீரின் மேற்பரப்பு கொஞ்சம் அலையும்படி குழாயின் வாயைத் திருப்பி வைத்தோம். மீனுக்கும் நல்லது, ஒட்சிசன் கலக்கும். ஆனால் உண்மையில் அது வாப்பாவுக்கு. இரவு விளக்கில் அந்த அலை கூரையில் அசையும். அதைப் பார்த்தால் மெஷின் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

2025 பெப்ரவரி 9, பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடே இருட்டான ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். நாங்கள் சம்பின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு "கரண்ட் போனால் இதுவரை" என்று எழுதி வைத்திருந்தோம். கரண்ட் போனதும் எல்லோரும் கீழே ஓடினோம். தண்ணீர் ஏறியது இரண்டரை அங்குலம். கோட்டுக்குக் கீழே நின்றது. மேலே பற்றரிக் காற்றுப் பம்ப்பைப் போட்டோம். வாப்பா கூரையைப் பார்த்தார், அலை இல்லை. இடக்கையை நீட்டி ஜக்கைக் காட்டினார். பற்றரிப் பம்ப் இருக்கிறது, தேவையில்லைதான். ஆனாலும் கட்டிலைத் தொட்டிப் பக்கம் தள்ளி ஜக்கைக் கையில் கொடுத்தோம். அரை ஜக்குத்தான் தூக்க முடிந்தது. பாதி கட்டில் விரிப்பில் போனது. கரண்ட் வரும் வரை விடவில்லை.

நோன்பு முடிந்த கையோடு ஏஞ்சல் ஜோடி ஒன்று, திரும்பி வருகிற குழாயிலேயே முட்டை இட்டது. வரிசையாக, சின்னச் சவ்வரிசி மாதிரி. தாயும் தகப்பனும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொண்டு நின்றன. முதலில் கண்டது வாப்பாதான். இரண்டு நாள் யாரையும் தொட்டிக்குக் கிட்ட வர விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் முட்டை ஒன்றும் இல்லை, பெற்றதுகளே தின்றுவிட்டன. ஏஞ்சலிடம் இது சகஜம். வாப்பா அந்த மீன்களைப் பார்த்து, ஜூலைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்காத அளவுக்குத் தெளிவாக, ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாத வார்த்தை. கடையில் இருந்த காலத்தில் கடன்காரர்களைப் பற்றிச் சொல்லுவது. உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "யாரை ஏசுறீங்க?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதா.

முந்தாநாள் மறுபடி இட்டிருக்கின்றன, அதே குழாயில். குழாயை முட்டையோடு கழற்றி வேறு தொட்டியில் வைத்துப் பொரிக்க வைக்கலாம் என்று தம்பி சொல்கிறான். ஆனால் குழாயைக் கழற்றினால் பம்ப்பை நிறுத்த வேண்டும். வாப்பாவிடம் கேட்டோம். கையை அசைத்தார், விடுங்க என்று. இன்று காலை வரை முட்டை இருக்கிறது.